யாழ்ப்பாணத்தில் ஒருநாள் சைக்கிள் சுற்று: மழை, காற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு ஐந்தாறு பேராகச் சைக்கிளில் ஊர் சுற்றப் போவது எங்கள் வழக்கம். சங்கம் என்றோ தலைவர் என்றோ ஒன்றும் கிடையாது. சொந்தக்காரர், கூடப் படித்தவர்கள், கொழும்பிலிருந்து லீவில் வருபவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் மச்சான் மச்சாள்மார் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல்நாள் இரவு எனக்கு வரும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், இம்முறை எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

அக்கா, எங்கை போறம்? எவ்வளவு தூரம்?

இரண்டு சுற்று வைத்திருக்கிறோம். சின்னச் சுற்று பருத்தித்துறை வீதியால் நல்லூர், கோப்பாய், நீர்வேலி, புத்தூர் போய், நிலாவரைக் கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. போய்வர ஏறத்தாழ 35 கிலோமீற்றர். வழி நெடுக வீடு, கடை, கோயில். செம்மண் தோட்டங்களும் நீர்வேலி வாழைகளும் கூடவே வரும்.

பெரிய சுற்று பண்ணைத் தாம்போதியால் (தாம்போதி என்பது கடலுக்குக் குறுக்கே போட்ட றோட்டு) அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை. அங்கே பாதையில் ஏறிக் காரைநகர். பிறகு பொன்னாலைத் தாம்போதியால் இந்தப் பக்கம் வந்து மூளாய், வட்டுக்கோட்டை, அராலி, கல்லுண்டாய் வெளி, நாவாந்துறை. கசூரினா கடற்கரைக்கும் போய்வந்தால் 55 முதல் 60 கிலோமீற்றர் வரும். வெளியூர் ஆட்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே ‘பாதை’ என்பது றோட்டு இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் கடலில் ஏற்றி இறக்கும் இரும்பு மிதவை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் அதுதான் ஓடுகிறது. அதில் நின்று பார்த்தால் கடலின் நடுவே கடற்கோட்டை தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே பெரிய சுற்றுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சைக்கிள் ஓடிப் பத்து வருசமாச்சு. என்னாலை ஏலுமோ?

ஏலும். இந்தக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் போவதும் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் போல, கதைத்துக்கொண்டு. காலை விட முதலில் நோகப்போவது சீற்றில் இருக்கும் பகுதிதான். அதற்காகவாவது முன்கூட்டி இரண்டு மூன்று பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஓடிப் பாருங்கள். முதல் தடவை வருபவர்கள் சின்னச் சுற்றுக்கு வருவது நல்லது. ஏலாமல் போனால் நீர்வேலியில் பஸ் ஏறலாம். கல்லுண்டாய் வெளியின் நடுவில் அந்த வசதி கிடையாது.

கியர் சைக்கிள் வேணுமோ? வீட்டிலை அப்பான்ரை லுமாலாதான் நிக்குது.

அப்பாவின் லுமாலா போதும். தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக் காலத்தில் இந்த ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்மூடை, நோயாளி, பொம்பிளை மாப்பிள்ளை எல்லாம் கரியரில்தான் போனார்கள். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், மூலையில் கிடந்த சைக்கிள்களை எல்லாரும் திரும்பத் துடைத்து எடுத்தோம். உங்கள் வீட்டில் நிற்பதும் அப்படித் துடைத்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் சும்மா நின்ற சைக்கிளை அப்படியே கொண்டு வராதீர்கள். ஒரு கிழமைக்கு முன் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்ப் பிறேக் கட்டை, செயின், இரண்டு ரயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரயரின் பக்கச் சுவரில் பாளம் பாளமாக வெடிப்பு இருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்புறம் மட்காட். மலைச் சைக்கிள் வைத்திருக்கும் பெடியள் அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு வருவார்கள். மழை றோட்டில் அவர்களுக்குப் பின்னால் ஓடுகிறவரின் முகம்தான் மட்காட்.

எந்த மாசம் நல்லது?

தை கடைசியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பரவைக்கடலில் தண்ணீரும் பறவைகளும் நிற்கும். ஒரே ஒரு தொல்லை, அறுவடை முடிந்து றோட்டோரத்தில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் சைக்கிளை விட்டால் சறுக்கும், சொந்தக்காரரிடம் ஏச்சும் கிடைக்கும். சுற்றிப் போங்கள்.

சித்திரை, வைகாசியில் வெயில் சுடும். யூன் முதல் செப்ரெம்பர் வரை மழை குறைவு, தென்பக்கக் காற்றான சோளகம் பலம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் எங்கள் மழைக்காலம். ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று சொல்வது சும்மா இல்லை. ஆனால் ஊர் பச்சைப் பசேலென்று கிடப்பதும் அப்போதுதான். வழுக்கையாற்றில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமானாலும் அந்த மாதங்களில்தான் வரவேண்டும். குடாநாட்டின் ஒரே ஆறு, மற்ற நேரம் வெறும் பள்ளம். அதனால் மழைக்காலத்திலும் போகிறோம். இந்தக் கேள்விகளில் பாதி அதனால்தான் வருகின்றன.

நாளைக்கு மழை எண்டு போன் காட்டுது. போறமோ இல்லையோ?

போனில் உள்ள மேகப் படம் மூன்று மாதத்துக்கு மழை என்றே காட்டும். எந்த மாதிரி மழை என்று பாருங்கள். ஒக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் வருவது பெரும்பாலும் பின்னேர இடிமழை. காலை பளிச்சென்று இருக்கும், பதினொரு மணிக்கு மேல் மேகம் பஞ்சுப் பொதிபோல மேலே மேலே குவியும், இரண்டு மூன்று மணிக்கு இடியோடு கொட்டிவிட்டு ஓயும். இந்த நாட்களில் தாராளமாகப் போகலாம். விடியவே வெளிக்கிட்டு, ஒரு மணிக்குள் வெளிகளையும் தாம்போதிகளையும் கடந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

மற்றது வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி வரும் மழை. அதற்கு நேரகாலம் இல்லை. இரவு பகலாகப் பெய்யும், காற்றும் சேரும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் என்று அறிவித்தாலோ, கடற்றொழிலாளர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று சொன்னாலோ சுற்று இல்லை. வானம் எவ்வளவு வெளித்திருந்தாலும் இல்லை. கடலுக்குப் போகிறவர்களே கரையில் நிற்கிற அன்று நாங்கள் தாம்போதியில் போய் என்ன செய்யப்போகிறோம்?

இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்களில் முடிவு காலை ஐந்தரைக்கு. தூறல் என்றால் போகிறோம். முற்றத்தில் தண்ணீர் தேங்கும் அளவுக்குப் பெய்தால், பெரிய சுற்று சின்னச் சுற்றாக மாறும், அல்லது எல்லாரும் திரும்பப் படுப்போம்.

மழையைக் கேட்டால் நீங்கள் எப்ப பாத்தாலும் காத்தைப் பற்றியே கதைக்கிறியள். ஏன்?

மழை நனைக்கும், அவ்வளவுதான். இந்த ஊரில் ஆளைக் களைக்க வைப்பது காற்று. ஏற்றமில்லாத இடத்தில் அதுதான் ஏற்றம். அதுவும் உச்சி தெரியாத ஏற்றம்.

ஒரு மார்கழி ஞாயிறு. ஒரு துளி மழையில்லை, வானம் கழுவி விட்ட மாதிரி. பண்ணையால் தீவுப்பக்கம் போகும்போது யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல இருந்தது. எங்களுக்கு உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அன்று ஊர்காவற்றுறை வரை போய் அதே வழியால் திரும்புவதாகத் திட்டம். திரும்பித் தாம்போதியில் ஏறிய பிறகுதான், காலையில் தள்ளியது வாடைக்காற்று என்று விளங்கியது. எனக்கு முன்னால் ஓடிய மச்சாளின் சால்வை கொடி மாதிரிப் பின்னால் விறைத்து நின்றது. உழக்க உழக்க யாழ்ப்பாணக் கோட்டை மதில் கண்ணுக்கு முன்னால் தெரிகிறதே தவிர, கிட்ட வருவதாக இல்லை. போகும்போது பதினைந்து நிமிடத்தில் கடந்த துண்டுக்குத் திரும்பும்போது நாற்பது நிமிடம் எடுத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தவர்களும் ஓடி வந்தவர்களும் பண்ணைக்கு ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தோம்.

கணக்கு இதுதான். காற்றின் எதிர்ப்பு, அது நம்மீது மோதும் வேகத்தின் இருமடியாகக் கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடினால் மோதும் காற்றும் 15தான். எதிரே 15 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், அதே வேகத்தில் ஓடுபவர் மீது 30 மோதும். வேகம் இரண்டு மடங்கு, எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆகவே போனில் மேகப் படத்தைப் பார்க்கிறவர்கள் அதற்குக் கீழே இருக்கும் காற்றின் திசையையும் வேகத்தையும் முதலில் பாருங்கள்.

அப்ப எந்தப் பக்கமாச் சுத்த வேணும்?

முன்னிருந்த ஆட்கள் காற்றுக்குத் திசை வைத்துப் பெயர் சொன்னார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து சோளகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். (கச்சான் என்றதும் கொழும்புப் பிள்ளைகள் சுருளில் கட்டிய நிலக்கடலையைக் கேட்பார்கள். அது கோயில் திருவிழாவில் வாங்கலாம்.) பருவக்காற்று நேர் வடக்கு, நேர் தெற்கு என்று நிற்காது. வாடைக் காலத்தில் வடகிழக்கும், சோளகக் காலத்தில் தென்மேற்கும் கலந்து வரும்.

பண்ணைத் தாம்போதி நகரிலிருந்து தென்மேற்குப் பக்கமாகப் போகிறது. ஆகவே வாடைக் காலத்தில் பண்ணையால் போய், வட்டுக்கோட்டைப் பக்கத்தால் வாருங்கள். போகும்போது காற்று தள்ளும். வரும்போது அது பக்கத்தால் அடித்தாலும் வேலி, வடலி, வீடுகள் மறைக்கும். பொன்னாலைத் தாம்போதியில் மட்டும் கொஞ்ச நேரம் முக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் காற்று அடங்காவிட்டால் அராலி, கல்லுண்டாய் பக்கம் திரும்பாமல் சித்தன்கேணி, சங்கானை, மானிப்பாய் வழியாக வாருங்கள். தூரம் சற்றுக் கூட, மறைப்பும் கூட. சோளகக் காலத்தில் இதைத் தலைகீழாக வையுங்கள்: அராலியால் போய்ப் பண்ணையால் திரும்புவது. பின்னேரத்தில் காற்று பலமாக இருக்கும் நேரம், அது உங்களைக் கொண்டுவந்து கோட்டையடியில் விடும்.

மொத்தத்தில், களைத்துப்போன கடைசி இரண்டு மணித்தியாலத்தில் எதிர்காற்று வராதபடி சுற்றைத் திருப்பி வைப்பதுதான் முழுத் திட்டமும். மற்றதெல்லாம் சாப்பாட்டுக் கதை.

ஏன் விடியக் காலமை ஆறு மணிக்கே? ஞாயிற்றுக்கிழமையெல்லோ?

காலையில் காற்று குறைவு, வெயில் குறைவு, பின்னேர இடிமழைக்கு முன் வீடு வரலாம். நவம்பர் கடைசியில் மாலை ஆறுக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும், மேகம் மூடினால் ஐந்துக்கே இருட்டு. எட்டு மணிக்கு வெளிக்கிட்டால், ஒருவரின் ரயரில் காற்றுப் போனாலே கணக்குப் பிழைத்துவிடும். நித்திரையைச் சனிக்கிழமை இரவு கொள்ளுங்கள்.

குடை கொண்டு வரலாமோ? அம்மம்மா குடையோடைதான் சைக்கிள் ஓடுவா.

அம்மம்மா ஓடலாம். நீங்கள் வேண்டாம். ஒரு கையால் பிறேக் பிடிக்கவேண்டி வரும், தாம்போதிக் காற்று குடையோடு சேர்த்து ஆளையும் திருப்பும். இடுப்பு வரை வரும் மழைக்கோட்டுப் போதும். தொளதொளவென்று தலையால் மாட்டும் அங்கியும் வேண்டாம், அது பாய்மரம்.

வேறை என்ன கொண்டு வரவேணும்?

ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர். தீவகத்தில் பல கிணறு உவர், வழியில் நிரப்பலாம் என்று வெறும் போத்தலோடு வராதீர்கள். மாற்று உடுப்பு ஒரு சோடி, பொலித்தீன் பைக்குள் வைத்து, வாயைச் சுருட்டிக் கட்டி. போனுக்குத் தனிப் பை. சீற்றுக்கு மேலே மாட்ட ஒரு சொப்பிங் பை. நின்று சாப்பிடும் நேரத்தில் மழை பெய்தால் அதன் அருமை தெரியும். அடையாள அட்டை, கொஞ்சம் சில்லறைக் காசு, முன்னுக்கும் பின்னுக்கும் வெளிச்சம். மழையில் மங்கிப்போன றோட்டில் பஸ்காரருக்கு உங்களைத் தெரிய வேண்டும்.

இதையெல்லாம் முதுகில் சுமக்காமல் கரியரில் கட்டுங்கள். கட்டும் ரியூப் றப்பரின் நுனி செயின் பக்கம் தொங்கக் கூடாது. அது சில்லுக்குள் போய்ச் சுற்றினால் என்ன ஆகும் என்பதை என் முழங்காலில் உள்ள தழும்பு சொல்லும்.

சாப்பாடு கட்டிக்கொண்டு வாறதோ, கடையிலை பாக்கிறதோ?

காலைக்குக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு காலை தீவுப்பக்கம் எந்தக் கடை திறந்திருக்கும் என்று நம்ப ஏலாது. இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டினால் மத்தியானம் வரை நிற்கும். பால்சொதி நிற்காது, கொண்டு வரவேண்டாம். மத்தியானத்துக்குக் காரைநகரிலோ வட்டுக்கோட்டையிலோ ஏதாவது அகப்படும். கச்சான் அல்வாவும் வாழைப்பழமும் வழியெல்லாம் கடிக்க நல்லது.

ஒருமுறை சரவணைப் பக்கம் மழைக்கு ஒரு சின்னக் கடையின் தகரப் பத்திக்குள் ஆறு பேரும் ஒதுங்கினோம். தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமலே உள்ளே போய், ஆறு பிளேன்ரீயும் ஒரு தட்டில் உடைத்த பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தா. பனங்கட்டித் துண்டைக் கடித்து, தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து, எங்கள் காலுக்குள் வந்து சுருண்ட நாயைத் தடவிக்கொண்டு முக்கால் மணித்தியாலம். காசு வாங்கமாட்டேன் என்றவவிடம் மன்றாடித்தான் கொடுத்தோம். அன்று சுற்று முழுதாக முடியவில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த நாளைத்தான்.

காத்துப் போனால் என்ன செய்யிறது?

குழுவுக்கு ஒரு பம்ப், ஒட்டுப் போடும் சாமான், இரண்டு அளவில் மாற்று ரியூப், இரண்டு ஸ்பானர் கடைசியாக ஓடுபவரிடம் இருக்கும். மழையில் ஒட்டு ஒட்டாது. ரியூப் காய்ந்தால்தான் பசை பிடிக்கும். அதனால் ஈரத்தில் நின்று மல்லுக்கட்டாமல் ரியூபையே மாற்றிவிடுங்கள். மாற்றுமுன் ரயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய கருவேல முள் உள்ளேயே இருந்தால் அடுத்த ரியூபும் அரை மைலில் போகும்.

ஏலாத கட்டத்தில் ஒரு ‘பட்டா’ வாகனத்தை, அதாவது சின்ன லொறியை, பிடித்தால் ஆறு சைக்கிளும் ஆறு ஆளும் ஏறலாம். வெளிக்கிடுமுன் அப்படி ஒருவரின் நம்பர் கையில் இருக்கட்டும்.

நனைஞ்ச றோட்டிலை வழுக்குமோ?

தார் றோட்டு அவ்வளவு வழுக்காது. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் கால்மணி நேரம்தான் மோசம், தூசும் எண்ணெயும் சேர்ந்து பசையாக நிற்கும். தோட்டப் பக்கத்தில் உழவு மெசின்கள் இழுத்து வந்த செம்மண்ணும் அப்படித்தான். அது பிறேக்குக்கும் மட்காட்டுக்கும் இடையில் அடைந்து சில்லையே நிறுத்திவிடும், ஒரு ஈர்க்குக் குச்சியால் கிண்டி எடுக்க வேண்டும்.

கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கக் குறுக்கு ஒழுங்கைகளால் வருபவர்கள் தண்டவாளத்தைக் கவனியுங்கள். 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபின், ஈரத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்து விழுந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். நேர்குறுக்காகக் கடவுங்கள், பயமாக இருந்தால் இறங்குங்கள். நனைந்த பிறேக் பிடிக்கவும் நேரம் எடுக்கும். சந்திக்குக் கொஞ்சம் முன்னரே இலேசாக அழுத்தி, சில்லில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

நடு வெளியிலை இடி இடிச்சால்? ரயர் றப்பர்தானே, மின்னல் ஒண்டும் செய்யாதெல்லோ?

செய்யும். மேகத்திலிருந்து கிலோமீற்றர் கணக்கில் காற்றைக் கிழித்து வருகிற மின்னலுக்கு இரண்டு அங்குல றப்பர் ஒரு பொருட்டில்லை. பஸ்ஸும் காரும் பாதுகாப்பு என்பது ரயரால் அல்ல, சுற்றிவர உள்ள உலோகக் கூட்டால். சைக்கிளில் அந்தக் கூடு இல்லை. வெட்டையில் ஓடும்போது சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் உங்கள் தலைதான்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ மூன்று செக்கன். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, கட்டடத்துக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் போகும்வரை வெளியே வரவேண்டாம். தாம்போதியிலோ கல்லுண்டாய் வெளியிலோ ஏறுமுன் இந்த எண்ணிக்கையைச் செய்யுங்கள், ஏறிய பின் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. தனிப் பனைக்குக் கீழே ஒருபோதும் நிற்காதீர்கள். மின்னல் விழுந்து தலை கருகிய பனையை ஊரில் எல்லாரும் கண்டிருக்கிறோம், பிறகும் மழை என்றால் பனையடிக்குத்தான் ஓடுகிறோம். வெளியில் அகப்பட்டுவிட்டால் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். படுக்கக் கூடாது.

றோட்டிலை வெள்ளம் நிண்டால் தள்ளிக்கொண்டு போகலாம்தானே?

தார் தெரிந்தால் போகலாம். தெரியாவிட்டால் திரும்புங்கள். இங்கே வாய்க்கால் எது, குளம் எது, றோட்டு எது என்று வெள்ளத்துக்கு வித்தியாசம் இல்லை. தோட்ட வெளிகளில் கட்டில்லாத கிணறுகள் வேறு உண்டு. குறுக்கு ஒழுங்கையால் போனால் கிட்ட என்று உங்கள் போன் சொன்னாலும், வெள்ள நாளில் பெரிய றோட்டை விடாதீர்கள்.

காலில் புண்ணோ கீறலோ இருந்தால் வயல் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்தார்கள். வெள்ளத்தில் இறங்கி வந்தபின் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் உடம்பு நோவும் வந்தால், இன்ன நாள் வெள்ளத்தில் நின்றேன் என்று வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள்.

ஊர்காவற்றுறைக்குப் போனாப் பிறகு பாதை ஓடாட்டி?

இது நடக்கிற விசயம். பழுது என்று நிற்கும், காற்றுக் கூடினாலும் நிற்கும். அன்று பாலம் இல்லாத இடத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். வந்த வழியால் திரும்ப வேண்டும். வாடைக் காலம் என்றால் அது மேலே சொன்ன மார்கழிக் கதை.

அதனால் இரண்டு வேலை. முதல்நாளே ஊர்காவற்றுறையிலோ காரைநகரிலோ உள்ள யாரையாவது கேளுங்கள். இந்த ஊரில் அங்கே சொந்தக்காரர் இல்லாத ஆளே இல்லை. அடுத்தது, வேலணையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது எதிரே வரும் ஆட்களிடம் இன்னொரு முறை விசாரியுங்கள். ஓடவில்லை என்றால் வேலணையோடு நின்று, சாட்டிக் கடற்கரையில் இருந்துவிட்டு, காற்று ஏறமுன் திரும்புங்கள்.

அப்பிடியே குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவையும் பாத்துட்டு வந்தால் என்ன?

அது இன்னொரு நாள். புங்குடுதீவுத் தாம்போதி, படகு வரிசை, கோயில், திரும்பப் படகு என்று எல்லாம் உங்கள் கையில் இல்லாத நேரங்கள். படகு பிந்தினால் இருட்டில் இரண்டு தாம்போதி ஓட வேண்டும். நயினாதீவு போக ஆசையென்றால் பஸ்ஸில் போய் ஆறுதலாகக் கும்பிட்டு வாருங்கள்.

நாய் கலைச்சால்?

வேகமாக உழக்கினால் அதுவும் வேகமாக வரும். இறங்குங்கள், சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் இடையில் பிடித்துக்கொண்டு நடவுங்கள். அநேகமாக அதற்கு அலுத்துவிடும். கடித்தால் பதினைந்து நிமிடம் சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகக் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. ‘வீட்டு நாய்தான்’ என்று வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். பெரிய விபத்து ஏதாவது என்றால் 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

ஒராள் பிந்தினால் மற்றாக்கள் போய் முன்னுக்கு நிண்டால் சரிதானே?

சரியில்லை. முன்னே போய் நின்றவர்கள் களை ஆறி முடிய, பிந்தியவர் வந்து சேருவார். உடனே எல்லாரும் வெளிக்கிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. எதிர்காற்றில் ஆகக் களைத்தவரை நடுவில் விட்டு, பலமானவர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக முன்னுக்கு மாறி ஓடுங்கள். ஒருவர் சில்லுக்குப் பின்னால் ஒரு சைக்கிள் நீளத்தில் ஓடினாலே எதிர்ப்பு நன்றாகக் குறையும். ஈர றோட்டில் அதைவிடக் கிட்ட நெருங்க வேண்டாம். கடைசியில் ஓடுபவர் எப்போதும் ஒரே ஆள், சாமான் பையோடு. அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

பாதிவழியிலை திரும்புவம் எண்டு ஆர் முடிவெடுக்கிறது? போன முறை அதிலை சண்டையெல்லோ வந்தது.

வந்தது. நான்தான் போவோம் என்று நின்றேன். பொன்னாலைப் பக்கம் கறுத்திருந்ததை என் கண்ணும் கண்டது. ஆனால் தூரத்திலிருந்து வந்த ஆட்களுக்குச் சுற்றை முழுதாகக் காட்டவேண்டும் என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது. தாம்போதியின் நடுவில் கொட்டியது, கூட வந்த தங்கச்சி ஒருத்தி அழுதுவிட்டாள். அவள் காரைநகரிலேயே ‘அக்கா, நிண்டு போவமே’ என்று மெல்லக் கேட்டிருந்தாள்.

இப்போது விதி ஒன்று: யாராவது ஒருவர் நிற்போம் என்றால் நிற்கிறோம், திரும்புவோம் என்றால் திரும்புகிறோம். காரணம் கேட்பதில்லை, பிறகு பகிடி பண்ணுவதும் இல்லை. போவோம் என்பதற்குத்தான் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். இந்தக் கேள்வியை வேலணையிலும், பாதையில் ஏறுமுன்னும், பொன்னாலைத் தாம்போதிக்கு முன்னும் சைக்கிளை நிறுத்தி, வாய்விட்டுக் கேட்கிறோம். ஓடிக்கொண்டே கேட்டால் வெட்கத்தில் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

வீட்டை வந்து அப்பிடியே சைக்கிளைச் சாத்தி வைக்கலாமோ?

மழைத் தண்ணீர் என்றால் நாளை துடைக்கலாம். தாம்போதியில் அடிக்கும் தூவானம் உப்பு, அது நாளை வரை பொறுக்காது. களையாக இருந்தாலும் கிணற்றடியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, பழந்துணியால் துடைத்து, செயினுக்குத் தையல் மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண்ணைப் பிடித்துப் பிசினாகும். பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள், சீற்றுக் குழாய்க்குள் போன தண்ணீர் இரவிரவாகச் சொட்டும். விடியப் பார்த்தால் சீமெந்தில் ஒரு கறள் வட்டம் இருக்கும். அம்மா எழும்பமுன் அதையும் தேய்த்துவிடுங்கள்.